மஞ்சள் துணி முடிச்சும் முட்டிவலிப் பவுடரும்

அன்று மாலை வீட்டில் அம்மா, அப்பா, நான் மூன்று பேர்தான். அம்மாவின் முட்டி வலிக்கு எங்கள் ஊர் மருந்துக் கடையில் பவுடர் டப்பா வாங்கிக் கொடுத்த அண்ணன் இல்லை. சென்னையில் வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தான்.

அம்மா பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் சாக்கு விரித்துச் சுண்டல் விற்பவள். முட்டி வலியால் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வலி தீர்ந்து ஒருமுறை மலையைச் சுற்றி வரும்வரை கவுச்சி தொடுவதில்லை என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்திருந்தாள். ஆட்டுக்கால் சூப்பு நல்லது என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. மருந்துக் கடைப் பவுடர் என்பதால் இதை மட்டும் தினமும் பாலில் கலக்கிக் குடித்தாள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று அவள் கேட்க, பொடி எழுத்தை வாசித்தேன். கொலாஜன் பெப்டைடு. மாட்டுத் தோலிலிருந்து எடுத்தது.

"இன்னாடா சொல்ற? மருந்துல ஏதுடா கவுச்சி?"

"தோலு, எலும்புலேருந்துதாம்மா எடுக்கறாங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆட்டுக்காலே வேணாம்னா இவ. மாட்டையே குடிச்சிட்டு உக்காந்துக்கினு இருக்கா!"

"நீ சும்மா இருய்யா." படத்தைப் பார்த்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதான் வலி போவல போல."

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"சில பேருக்கு வலி கொஞ்சம் கம்மியாகும். அதுவும் மாசக்கணக்குல சாப்புடணும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது."

"கவுச்சி இல்லாதது இருக்குங்களா?" என்றாள் அம்மா.

"மாடு, இல்லன்னா மீனு. செடியில கொலாஜன் கிடையாதும்மா. வாங்கினா எதுலேருந்து எடுத்தது, சர்க்கரை ஜாஸ்தியான்னு பாத்து வாங்குங்க. மொதல்ல தரையில உக்கார்றத நிறுத்துங்க. பருப்பு, தயிரு நல்லா சாப்புடுங்க. தொடைக்குப் பயிற்சி சொல்லித் தரேன்."

அம்மா டப்பாவை வாங்கி மூடினாள். "முடிஞ்ச காசு முடிஞ்சதுதான்டா. எனுக்கு இது வேணாம்."

திறந்த டப்பாவைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. வேண்டுதல் ஏதும் இல்லாத அப்பா, வீணாகக் கூடாதென்று தினமும் கலக்கிக் குடித்துத் தீர்த்தார். அம்மா காலையில் பயிற்சிக்குக் கால் நீட்டி மடக்கும்போதெல்லாம், அப்பா தன் முட்டி இரும்பாகிவிட்டது என்று தட்டிக் காட்டுவார்.

இரண்டு பௌர்ணமி கழித்து, சுண்டல் விற்று முடிந்ததும், அம்மா சாக்குக்குப் பதில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழுந்தாள். மலையைச் சுற்ற இன்னும் நாளாகும். முடிச்சு படத்தடியிலேயே இருந்தது. டப்பா அறுநூற்று இருபது, நாற்காலி நூற்று எண்பது. ஆக எங்களுக்கு ஆன செலவு எண்ணூறு ரூபாய்.