பன்னிரண்டு மணி வெளிச்சம்

மசாட்டுவைப் போல ஓர் இடத்தில் நிற்கத் தெரியாதவனை எங்கள் ஏரிக்கரை ஊரான முசோமாவில் நான் பார்த்ததில்லை. அவன் படம் வரையும் கொட்டகையும் என் முடிவெட்டும் கடையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. விற்ற படத்தைத் தேடிப் போய் இன்னொரு மேகம் போட்டுவிட்டு வருவான். எனக்கு எரிச்சலாக வரும்.

போன மழைக்காலத்தில் கொக்குகோன்சா அம்மா வந்தாள். ஏரிக்கு அக்கரை, புக்கோபாக்காரி. அங்கே மீன் பிடித்த அவள் புருஷன் ருவேகசிரா, இங்கே மகன் வீட்டில் கைகால் விழுந்து கிடந்தார்.

“தம்பி, சாகறதுக்குள்ள எங்க கரையை ஒரு தடவை பாக்கணுங்கறாரு. மணி பன்னெண்டு, தண்ணிமேல சூரியன், ஒரு படகு. அவ்வளவுதான்.”

“கண்ணை மூடிட்டே வரைவேன்மா.”

அப்படித்தான் வரைந்தான். எங்கள் நாட்டு மணிக்கணக்கில் பொழுது விடிந்தாலும் மணி பன்னிரண்டு, சாய்ந்தாலும் பன்னிரண்டு. முசோமாவில் ஏரி மேற்கே இருக்கிறது. தண்ணீர்மேல் சூரியன் என்றால் அடைகிற சூரியன்தான். ரத்தச் சிவப்பு வானம், இருட்டிய கரை, விளக்கேற்றிக்கொண்டு விலகிப் போகும் படகு. அழகுதான்.

இருவரும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம். பெரியவர் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என்னை அனுப்பி வைக்கறீங்களாடா?”

அம்மா பதறினாள். “ஐயோ, எங்க ஏரியில சூரியன் உதிக்கும்பா! ராத்திரி மீனுக்குப் போனவங்க திரும்பற நேரம்டா அது!”

மசாட்டு சாப்பிடவில்லை. கொட்டகைக்கும் தெருவுக்குமாக நடந்தான்.

“சிவப்பைச் சுரண்டிட்டு மஞ்சளைப் பூசேன்டா,” என்றேன்.

“மண்டு! சாயங்கால வெளிச்சம் போறவனோட போயிடும். காலை வெளிச்சம் காத்திருக்கறவகிட்ட வரணும். தண்ணியிலேருந்து சூரியன் எழும்பி நான் பாத்ததே இல்லையே.”

“நீ அங்க போய்ப் பாத்துட்டு வர்றதுக்குள்ள அவர் போயிடப் போறாரு. வரைடா!”

சபித்துக்கொண்டே வரைந்தான். படகின் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பினான். விளக்கை அணைத்தான். சிவப்பை வெளுக்க வைத்து, அந்த வெளிச்சத்தைத் தண்ணீர் தாண்டி, ஈரப் புல் தாண்டி, கரையில் நிற்கும் ஒருத்தியின் நெற்றிவரை இழுத்துவிட்டான். சாயம் காயக்கூட விடாமல் ஓடினோம்.

பெரியவர் வெகுநேரம் பார்த்தார்.

“கொக்கு,” என்று அம்மாவைக் கூப்பிட்டார், “என்னடி நின்னுட்டு இருக்க? படகு வந்துடுச்சு. மீனுக்குப் பாத்திரத்தை எடு.”

அம்மா மூலையில் இருந்த தகர அண்டாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.