அட்டையின் பின்பக்கம்

குல்சிபாவுக்கு எரிச்சல் வரத் தனியாக ஒரு காரணம் வேண்டாம், வாசகர் ஒருவர் உள்ளே வந்தால் போதும். கசகஸ்தானின் கரகண்டா நகரில் ஒரு சின்ன ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையை இருபத்தேழு வருடமாக அவள்தான் கட்டி மேய்க்கிறாள். புத்தகம் எழுதுகிறவர், ஆராய்ச்சி செய்கிறவர், நேற்றுதான் துப்பறியக் கிளம்பியவர், எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல இருக்கா?" சீட்டு எழுதித் தராமல் அவளிடம் ஒரு தாள்கூட வாங்க முடியாது. ஆளுக்கு மூன்று பெட்டி, பதினைந்து நாள். சீட்டுப் போட்ட பெட்டியை வாசகர் திருப்பித் தரும்வரை இயக்குநரே வந்தாலும் தொடக்கூடாது.

அந்த வியாழக்கிழமை எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. முப்பதுகளில் அரசு பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர் அட்டைகள், பதினெட்டுப் பெட்டியும், மறுநாள் மதியம் காகித ஆலைக்குக் கூழாகப் போகின்றன. புது இயக்குநர் தவுலெத்கானின் உத்தரவு.

"எல்லாம் ஸ்கேன் பண்ணியாச்சே, அபாய்," என்றார் அவர். வயதில் மூத்தவளை அபாய் என்று அழைக்கும் மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

"முன்பக்கம் பண்ணீங்க. பின்பக்கத்துல பென்சில்ல இருக்கிறதை யாரு பண்ணுவா, உங்க மாமனாரா?"

"பென்சில் கிறுக்கலுக்கெல்லாம் நிதி இல்ல, அபாய்."

கிறுக்கலாம்! அவளும் அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதியது அது. இயக்குநர் தலை மறைந்ததும் அல்மாட்டியிலிருந்து ஜானில் என்ற பெண் வந்து நின்றாள்.

"எங்க தாத்தாவோட அண்ணனை முப்பத்தெட்டுல பிடிச்சிட்டுப் போனாங்க. கம்ப்யூட்டர் அப்படி ஒரு ஆளே இல்லேங்குது, அபாய்."

"தாத்தா குடும்பப் பேரைப் போட்டுத் தேடினியா?"

"ஆமா."

"தேடின லட்சணம்! பேர் பதிய வந்தவன்கிட்ட தம்பி அப்பன் பேரைச் சொல்லியிருப்பான், அண்ணன் பாட்டன் பேரைச் சொல்லியிருப்பான். கூடப் பொறந்தவங்களுக்கு ரெண்டு குடும்பப் பேர் ஆயிருக்கும். ஏழு பாட்டன் பேரைச் சொல்லு."

ஜானில் மூன்றோடு நின்றாள்.

"மூணா? கசாக் பொண்ணுன்னு வெளியில சொல்லிடாதே. இந்த அழகுல துப்பறிய வேற வந்துட்டா!"

ஜானில் ஊரிலிருந்த பெரியப்பாவை அழைத்தாள். அவர் மூச்சு விடாமல் ஏழையும் ஒப்பித்தார். நாலாவது பேரில் அட்டை கிடைத்தது. முன்பக்கத்தில், "உறவினர் இல்லை." பின்பக்கத்தில் மங்கிய பென்சிலில், "தம்பி உண்டு. மூன்று முறை தேடி வந்தார். பதில் தரப்படவில்லை."

"தாத்தா இங்க வந்ததா எங்ககிட்ட சொன்னதே இல்ல," என்று ஜானில் அழுதாள். அதற்கும் குல்சிபா எரிச்சல்தான் பட்டாள். வாசகர்களின் போனைப் பூட்டி வைக்கும் அலமாரியைத் திறந்து ஜானிலின் போனை எடுத்து நீட்டினாள். "அழுதது போதும். பென்சில் இருக்கிற அட்டையை எல்லாம் படம் எடு."

அன்றும் மறுநாள் காலையும் எடுத்தார்கள். முதல் பெட்டியிலிருந்து, வரிசையாக.

"உங்க வீட்டுலயும் ஒருத்தரைப் பிடிச்சிட்டுப் போயிருப்பாங்களே, அந்த அட்டை எதுல, அபாய்?"

"பதினேழுல."

"அதை முதல்ல எடுத்திருக்கலாமே!"

"இங்க யாரையாவது வரிசை தாண்ட விட்டிருக்கேனா? எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

பதினைந்து பெட்டி முடிந்தபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஜானில் மனமில்லாமல் கிளம்பினாள். சிறிது நேரத்தில் லாரி வந்தது. ஆட்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினார்கள். கடைசி மூன்றுக்கு வந்தபோது குல்சிபா மேசைக்கு மறுபக்கம், வாசகர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பெட்டியும் அவள் முன்னால் இருந்தன. பதினேழாவது திறந்திருந்தது.

"என்ன அபாய் இது?" என்றார் தவுலெத்கான்.

அவள் தலை நிமிராமல் சீட்டை நகர்த்தினாள். அதில் வாசகர் பெயர் என்ற இடத்தில் இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக அவள் பெயர் இருந்தது.

"பதினஞ்சு நாள் இருக்கு," என்றாள். "இது வாசிப்பறை. சத்தம் போடாதீங்க."