கழற்றாத பேட்டரி வயர்

மஸ்கட்டில் கார் அழுக்காக ஓடினால் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்பார். நம் ஊர்ப் பக்கம் புழுதி படியாத வண்டியை நான் பார்த்ததே இல்லை. இங்கே வாட்டர் சர்வீஸில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் ஏதோ கல்யாணத்துக்கு வண்டியைச் சிங்காரிக்க வந்தவன் மாதிரி எனக்கு ஒரு கூச்சம் வரும்.

பிள்ளைகளா, விருதுநகரில் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னீர்கள். அதனால்தான் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினேன். கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்தியதும் போர்மேன் குரல் கொடுப்பார்: “ஏலே, வயரைக் களட்டிட்டியா? ஒரு பொறி போதும்லே, அம்புட்டுப் பேரும் போயிருவோம்.” பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வேனை விட்டு நகருவேன். அந்தப் பழக்கம் கையோடு கடல் தாண்டி வந்துவிட்டது.

கடைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுபோய்ப் போடும் வேலைக்குச் சொந்தமாகக் கார் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு ஷோரூமில் பழைய கார் எடுத்தேன். சில மாதம் வாரண்டியும் தந்தார்கள். கொஞ்ச நாளில் கியர் மாறும்போது வண்டி உதறியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கும் எரிந்தது. மறுநாள் ஷோரூமுக்குப் போனால் விளக்கு இல்லை. மேனேஜர் சலீம் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, “முஷ்கிலா மாஃபி” என்றார். ஒரு கோளாறும் இல்லையாம். மறுபடி போனேன், அதே பதில்.

“ஏமாத்துறாம்லே. வாரண்டி முடியட்டும்னு இழுக்கான்” என்று அறையில் கூட இருக்கும் விஸ்வநத்தத்து ஊர்க்காரன் முருகனிடம் சொன்னேன். அந்த வாரத்தோடு வாரண்டி முடிகிறது. கார் படுத்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த தடவை போனபோது சலீமும் கோபமாகத்தான் இருந்தார். “ஒவ்வொரு தடவையும் காரின் மெமரி துடைத்துக் கிடக்கிறது. வெளியே எங்கோ வண்டியைப் பிரித்துவிட்டு என்னிடம் வருகிறாயா?” என்று கேட்டு பானெட்டைத் திறந்தார். பேட்டரி வயரின் நட்டு தேய்ந்து பளபளத்தது. தினமும் நான்தான் கழற்றுகிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஏன் என்றார். பட்டாசு என்பதை அரபியில் எப்படிச் சொல்வது? இரண்டு கையையும் விரித்து வெடிப்பதுபோல் காட்டினேன். அவர் பின்னால் நகர்ந்து, டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே நோட்டுப் புத்தகக் கட்டுகள்தான்.

வயரைக் கழற்றினால் கோளாறின் பதிவும் அழிந்துவிடும் என்று பிறகு பொறுமையாகச் சொன்னார். விளக்கு எரியும்வரை கை வைக்காதே, எரிந்தபடியே கொண்டுவா என்றார். அன்று சாயங்காலம் வயரைக் கழற்றாமலே அறைக்கு வந்தேன். மனம் கேட்கவில்லை. மறுபடி கீழே இறங்கிப்போய் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

“அண்ணே, இங்கன என்ன சரவெடியா அடுக்கி வச்சிருக்கீக?” என்றான் முருகன்.

வாரம் முடியுமுன் விளக்கு எரிந்தது. எரிந்தபடியே கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் கியர்பாக்ஸ் கோளாறைக் காட்டியது. சலீம் மறுபேச்சில்லாமல் வாரண்டியிலேயே சரிசெய்து தந்தார். அவரும் ஏமாற்றவில்லை, நானும் ஏமாற்றவில்லை.

ஆகவே, விளக்கு எரிந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொன்ன குறையை, வண்டியை வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் போடும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வண்டி உதறினால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

போன லீவில் வந்தபோது ஆசைக்குப் பழைய வேனை ஒரு நடை ஓட்டினேன், நினைவிருக்கிறதா? கேட்டில் நிறுத்தி இறங்கி நடந்தேன். போர்மேன் பின்னாலேயே கத்தினார்: “ஏலே மஸ்கட்டுக்காரா, வயரு!” மறந்தே போயிருந்தேன். ஆனால் இங்கே மஸ்கட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் காரை நிறுத்தியதும் கை தானாக ஸ்பேனரைத் தேடுகிறது.