தங்கராசு வாங்கி வந்த ரப்பர் மூட்டு

"தங்கராசு அண்ணன் சிங்கப்பூர்லேருந்து கிராப்பு வெட்டிக்கிட்டு வந்திருக்காங்க, பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி, போன வாரம்.

பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா?

மலாயாவில், சிகாமட் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ரப்பர் ஃபாக்டரியில் நானும் தங்கராசும் ஃபிட்டர்கள். ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பாய்லரிலிருந்து ரப்பர் காயவைக்கும் அறைக்குக் கொதிநீர் கொண்டுபோகிற இரும்புக் குழாய்தான் எங்களுக்குத் தலைவலி. சூட்டில் நீளும்; ஆறினால் சுருங்கும்... மூட்டு எவ்வளவுதான் தாங்கும்? போன மாதம் பிளந்துகொண்டது. ரப்பர் ஷீட் தொங்கவிட வந்த தொழிலாளி அஞ்சலையின் வலது கை வெந்துபோனது.

"நடுவிலே ரப்பர் மூட்டு போட்டா, நீளுறதை அது வாங்கிக்கும்" என்று முதலில் சொன்னவன் நான். ரயிலேறி சிங்கப்பூர் போய் வாங்கி வந்தவன்? தங்கராசு! அவனுக்குத்தான் இங்கிலீஷ் வருமாம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் தீர்ப்பு.

வந்த மூட்டில் குறை தேடினேன். வளைத்தேன். நகத்தால் அழுத்தினேன். ஓரத்தில், ரப்பருக்கு நடுவே கித்தான் துணி அடுக்கடுக்காகத் தெரிந்தது.

"வெறும் ரப்பரும் காட்டினாங்கடா, பளபளன்னு. கொதிதண்ணியிலே கொழகொழன்னு ஆயிடும், வேணாம்னுட்டேன். எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், குழாய் எவ்வளவு நீளும் — எல்லாம் சொல்லிக் கேட்டு வாங்கினேன்" என்றான் தங்கராசு.

நான் போயிருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பேன். அதுதான் வயிற்றெரிச்சல்!

அவனே மாட்டினான். மறுநாள் காலை, துரை முன்னிலையில் கொதிநீர் விடுவதாக ஏற்பாடு. சாயங்காலம் சும்மா குழாயோரமாக நடந்து பார்த்தேன். மூட்டுக்கு இருபுறமும் குழாய், தாங்கிகளின் மேல் சும்மா கிடந்தது — எங்கேயும் இறுக்கிக் கட்டவில்லை. அழுத்தம் ஏறினால் குழாய் இரண்டு பக்கமும் விலகும். ரப்பர் இழுபடும்... இழுபட்டு, பிய்ந்தேவிடும்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இனித்தது. துரை முன்னால் தங்கராசு திருதிருவென்று விழிப்பது கண்ணில் வந்து நின்றது.

அப்போது அஞ்சலை உள்ளே வந்தாள். கட்டுப்போட்ட கை. இடது கையாலேயே ஷீட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பயமில்லைதானே அண்ணே?"

நேரே தங்கராசு வீட்டுக்கு நடந்தேன்.

"ரெண்டு கோடியிலேயும் குழாயை இறுக்கிப் பிடிக்கணும்டா. இல்லேன்னா உன் மூட்டு பிச்சுக்கும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அலமாக்! போச்சுடா! சட்டையை மாட்டிக்கிட்டு வர்றேன், போலாம்."

இருட்டுவதற்குள் இரும்புப் பட்டை போட்டு, போல்ட் முறுக்கி, தூணோடு சேர்த்துக் கட்டினோம்.

காலையில் கொதிநீர் பாய்ந்தது. குழாய் நீண்டது. ரப்பர் மூட்டு கொஞ்சம் அமுங்கியது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை! துரை தங்கராசின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் என்னைக் காட்டி ஏதோ இங்கிலீஷில் சொன்னான். துரை என் பக்கம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மோட்டார் காரில் ஏறிப் போய்விட்டார்.

அஞ்சலை குழாயை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினாள். எனக்கு நிறைவுதான். ஆனாலும் அந்தக் கைகுலுக்கல்... இதை எழுதும்போதும் உறுத்துகிறது.

ஒன்று கவனித்தீர்களா? பங்களாவும் மோட்டாரும் வைத்திருக்கிற துரையைப் பார்த்து எனக்கு ஒருநாள்கூட வயிறு எரிந்ததில்லை!