சம்பந்தி வீட்டுக் கிணறு

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில், பேரனோ பேத்தியோ பிறக்கும்வரை பெற்றவர்கள் கை நனைத்துச் சாப்பிட மாட்டார்கள். இப்போது யாரும் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் எனக்கு விடவில்லை. திருநகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் ஒரு காபி குடிப்பேன், வாழைப்பழம் கொடுத்தால் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பஸ் ஏறிவிடுவேன். அப்படி இருந்த வீட்டு வாசலில்தான் போன கோடையில் நீல டிரம்களை இறக்கி வைத்துத் தண்ணீர் பிடித்தோம்.

நாங்கள் இருப்பது நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கண்மாய்க்கரையை ஒட்டிய ஊர். கொஞ்சம் மல்லிகைத் தோட்டம், நாலைந்து தென்னை, இரண்டு மாடு. ஒன்று கறவை, மற்றது சினை. கண்மாய் எப்போதோ வற்றிப்போய், உள்ளே சீமைக்கருவேலும் காய்ந்த கோரையும்தான் நின்றன. மாசி முடியுமுன்னே கிணற்றில் தூர் தெரிந்தது. போர் மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் காற்றைக் கக்கும், பிறகு ஒரு குடம் சிவப்புத் தண்ணீர் வரும், அதோடு நின்றுவிடும். பஞ்சாயத்துக் குழாயில் வருவது குடிக்கவும் பொங்கவும் சரியாக இருந்தது. மல்லிகையை விட்டுவிட்டோம். செடிதானே, அடுத்த மழைக்குத் துளிர்க்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மாட்டிடம் அப்படிச் சொல்ல முடியுமா? காலிக் குளுதாடித் தொட்டியை நக்கிவிட்டு அது நம் முகத்தைப் பார்க்கும்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார்.

"மச்சான் வீட்ல கெணறு கெடக்குல்ல. கேட்டுப் பாப்பமா?"

மச்சான் என்று அவர் சொன்னது மகளின் மாமனாரை. அவர் இவரை மாப்ள என்பார்.

"பொண்ணு குடுத்த வீட்லயா? மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டு போயி வைக்கிறது?" என்றேன்.

"மூஞ்சிய வச்சு மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியுமா?"

அவர் போன் போட்டார். தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டதால் சம்பந்தி பேசியது எனக்கும் கேட்டது.

"இதுக்கு எதுக்கு மாப்ள போன் பண்ணிக் கேக்குறீக? வண்டிய எடுத்துட்டு வாங்க. கெணத்துத் தண்ணி என்ன, கட்டியா வச்சிருக்கோம்?"

கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருந்திருப்பேன்.

ஊரில் ஒரு பையனிடம் குட்டியானை இருந்தது. சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் டிரம்களை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலை வழியாகப் போவோம். சம்பந்தி வீடு பழைய காலத்து வீடு. பின்னால் உறை இறக்கிய கிணறு, மோட்டார், நீளமான பச்சைக் குழாய். அந்தக் குழாயை வாசல்வரை இழுத்து வந்து பிடிப்பது என் மகளின் வேலையாகிப்போனது. அவள் டிரம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். "சாப்பிட்டியாம்மா?" என்பாள். "ஆச்சுடி" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. சம்பந்தியம்மா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுப்பார். தண்ணீரையும் வாங்கி, காபியையும் வாங்கிக் குடிக்க எனக்குக் கூசும்.

டிரம் நிரம்பும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி இருக்கும். எதிர் வீட்டு மாடியில் ஒரு அம்மா துணி காயப்போட வருவார், எல்லாத் துணியும் காய்ந்த பிறகும் நிற்பார். ஒரு நாள் அங்கிருந்தபடியே மதினியிடம் கேட்டார்:

"தெனமும் வண்டி வந்து போகுதே, தண்ணி விக்க ஆரம்பிச்சிட்டீகளா?"

மதினி சிரித்துக்கொண்டே, "எங்க சம்பந்திங்க. அவுக மாட்டுக்குக் கொண்டு போறாக" என்றார். எங்களுக்குப் பரிந்துதான் சொன்னார். ஆனால் சம்பந்தி என்ற அந்தச் சொல் தெருவில் விழுந்ததும், மகள் குழாயை டிரம்மில் செருகிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்து நின்றேன். டயரில் என்ன இருக்கிறது பார்க்க?

சித்திரை பிறந்த பிறகு, தண்ணீர் பிடிக்காத ஒரு நாளில், முருங்கைக்காய் கொஞ்சம் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினேன். எப்போதும் வாங்கவே போகிறோமே, ஒரு நாள் கொடுக்கப் போவோம் என்று தோன்றியது. மத்தியான வெயிலில் தெருமுனை திரும்பியபோது அவர்கள் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. லாரியின் தடித்த குழாய் கேட்டுக்குள்ளே தரைத்தொட்டிக்குப் போயிருந்தது. என் மகள் வாசலில் குடங்களையும் சருவச்சட்டியையும் வரிசையாக வைத்து, குழாய் மூட்டில் ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை. அவர்கள் கிணறும் போயிருந்தது. அவர்களே விலைக்கு வாங்குகிறார்கள். அதில் எங்களுக்கும் கொடுக்கிறார்கள். முந்தின நாள் பிடித்துவந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இல்லாமல் வெதுவெதுப்பாக இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெயிலில் கிடந்த குழாய் என்று நினைத்திருந்தேன்.

முனையில் ஒரு மாவு மில் உண்டு. அதன் சுவரோரம் ஒதுங்கினேன். உள்ளே போய், "ஏன் மதினி சொல்லல?" என்று கேட்டிருக்கலாம். கால் போகவில்லை. பையோடு திரும்பிப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"இனிமே போக வேணாம்" என்றார்.

போகவில்லை. போன் வந்தபோது, "இங்க பக்கத்துலயே ஒரு தோட்டத்துல குடுக்குறாக" என்று பொய் சொன்னோம். பாத்திரம் கழுவின தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் மாட்டுக்குப் போயின. நாங்கள் குளிப்பதை நிறுத்தி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டோம். கறவை மாட்டுக்குப் பால் சுண்டிவிட்டது.

கண்மாயில் தீப்பிடித்தது அந்த வாரத்தில்தான். யார் பற்றவைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. முதலில் மயில்கள் கத்தின. எப்போதும் கத்துகிற மாதிரி இல்லை, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கத்தின. வெளியே வந்து பார்த்தால் கோரைக்குள்ளிருந்து புகை. மேல்காற்று அதை எங்கள் பக்கமே தள்ளியது. மயில்கள் தாழப் பறந்து எங்கள் மல்லிகைக் கட்டைகளுக்குள் வந்து விழுந்தன. முயல் ஒன்று என் காலுக்குப் பக்கத்தில் ஓடியது, மனிதர் நிற்பதே அதற்குத் தெரியவில்லை. கீரியும் சாரைப்பாம்பும் ஒரே வரப்பில் போனதைப் பார்த்தேன்.

ஊர்க்காரர்கள் வேப்பங்கொப்பை ஒடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, அது வந்து சேர வேண்டும். என் வீட்டுக்காரர் மாடுகளை அவிழ்த்துத் தெருப்பக்கம் துரத்தினார். அதற்குள் எங்கள் வைக்கோல் படப்பின் ஓரத்தில் பொறி விழுந்துவிட்டது. அதை அடுத்து மாட்டுக்கொட்டகை, அதை அடுத்து வீடு. நான் உள்ளே ஓடி இருந்ததையெல்லாம் தூக்கிவந்து ஊற்றினேன். வாளித் தண்ணீர், கழனித் தண்ணீர், கடைசியில் குடிக்க வைத்திருந்த குடம். அது ஒரு புஸ் என்ற சத்தத்தோடு முடிந்துபோனது.

அப்போதுதான் தெருவில் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒரு லோடு வண்டி வந்தது. பின்னால் டிரம்கள். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் சம்பந்தி, வெள்ளை வேட்டியில். நாங்கள் சொன்ன பொய்யை அவர் நம்பவில்லை. தண்ணீரைத் தானே கொண்டுவந்திருக்கிறார்.

இறங்கினவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி மேலேயே ஏறி, டிரம்மிலிருந்து வாளி வாளியாக மொண்டு கொடுத்தார். என் வீட்டுக்காரர் வாங்கி ஊற்றினார், நானும் ஊற்றினேன், அக்கம்பக்கத்தாரும் வந்துவிட்டார்கள். படப்பில் பாதி போய்விட்டது. கொட்டகை தப்பித்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்பு வண்டி வந்து கண்மாய்ப் பக்கத்தை அணைத்தபோது, சம்பந்தியின் வேட்டி கரியும் சேறுமாக இருந்தது.

அவர் கொட்டகைக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு."

என் வீட்டுக்கு முதன்முதலாகத் தனியாக வந்த சம்பந்தி. குடம் காலி. நான் செம்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய், டிரம்மின் அடியில் கிடந்த அவருடைய தண்ணீரையே மொண்டு அவரிடம் நீட்டினேன். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு நிமிடம் வேண்டாம். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணாந்து குடித்தார்.

எனக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணே, வெலைக்கு வாங்கித்தான எங்களுக்குக் குடுத்தீக? நான் லாரியப் பாத்தேன்."

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"கெணத்துல சேறு வந்து கொஞ்ச நாளாச்சு தாயி."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"எப்புடிச் சொல்றது? கட்டியா வச்சிருக்கோம்னு வாய் விட்டுட்டேன். பொறகு இல்லைன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் எரிந்த படப்பைக் கிளறுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அப்போது ஒரு பெட்டை மயில், இறகு கருகி, நொண்டிக்கொண்டு வந்து, தரையில் சாய்ந்து கிடந்த வாளியில் மிச்சமிருந்ததைக் குடிக்க ஆரம்பித்தது. வெள்ளாமையைக் கொத்துகிற சனியன் என்று நாங்கள் கல்லெறிந்து விரட்டுகிற பறவை. அது குடித்து முடிக்கும்வரை யாரும் அசையவில்லை.

அதன் பிறகு நாங்கள் கறவை மாட்டை விற்றோம். வாங்கினவர் சோழவந்தான் பக்கத்துக்காரர், வாய்க்கால் பாசனம் உள்ளவர். அங்கே போனால் பச்சைப்புல் தின்னும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயிற்றைக் கைமாற்றும்போது உள்ளே போய்விட்டேன்.

மழை வந்தது, கேட்ட மாதிரி இல்லாமல் வந்தது. ஒரு சாயங்காலம் மேற்கே மண்நிறத்தில் ஒரு சுவர் எழுந்தது. காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்த்து அடுத்தவர் தோட்டத்தில் போட்டது. தென்னை இரண்டு பாதியில் முறிந்தன. ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. காலையில் வேப்பமரத்தடியில் மயில்கள் செத்துக் கிடந்தன. தீயில் தப்பித்து வந்தவைதானா என்று தெரியாது, நொண்டி மயிலைத் தேடினேன், அது அவற்றில் இல்லை. கண்மாயில் கரித்தண்ணீர் குட்டையாக நின்றது. கிணற்றில் ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஊறியிருந்தது.

சேதத்தைப் பார்க்க மகள் வந்தாள். தகரத்தை இரண்டு பேருமாகத் தூக்கிவந்து சாத்தினோம். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, அன்னைக்கு மாவு மில்லுக்கிட்ட நீ நின்னதப் பாத்தேன்."

நான் கிணற்றுக்குள்ளேயே பார்த்தேன்.

"பையோட நின்ன. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. நீ திரும்பிப் போனதும் அப்பாடான்னு இருந்துச்சும்மா." "மாமா அத்தை ஒரு வார்த்த சொல்லல. எனக்குத்தான் நீங்க டிரம்மோட வாரப்பல்லாம் பூமிக்குள்ள போயிரலாமான்னு இருக்கும். பெத்தவுகளப் பாத்து அப்புடி நெனைக்கிறேனேன்னு அது வேற."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தேற்றவும் வரவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதாள். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, சினை மாடு புதுத் தண்ணீர் குடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். மத்தியானம் ரசம் வைத்தேன். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நாங்கள் டிரம் எடுத்துக்கொண்டு போக வேண்டி வரவில்லை. அடுத்த கோடையில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் திருநகருக்கு இப்போது போனால் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். பேரப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. தண்ணீரை வாங்கியபின் சோற்றில் என்ன இருக்கிறது என்று மதினி ஒரு நாள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது மட்டும் நான் குழாயை நூலாகத் திறக்கிறேன். அதற்கு மேல் திறக்க ஏனோ என்னால் முடியவில்லை. பின்னாலேயே வரும் மதினி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அதை முழுதாகத் திறந்துவிட்டுப் போகிறார்.