இருசப்பன் காத்த மடு

இருசப்பனுக்கு வீடு நெல்லித்தோப்பில், பிழைப்பு ஊருக்கு மேற்கே ஆற்றில். பிடித்த மீன் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மூன்றாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு குட்டை குட்டையாக அறுந்தது, நாணல் காய்ந்தது, கடைசியில் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட வருஷத்தில் கடைசி மடுவில் யாரும் கை வைக்கமாட்டார்கள். வெள்ளம் வந்ததும் அதிலிருக்கிற மீன்தான் ஆறு முழுக்கப் பரவி இனம் பெருக்க வேண்டும். நம்பிக்கையான ஆள் என்று இருசப்பனைக் காவல் வைத்தார்கள். மனுஷன் கொக்கைக்கூட இறங்கவிடவில்லை.

அவரைக் கெடுத்தது வீண் ஜம்பம். மகள் வரலட்சுமியின் மாமனார் கிருஷ்ணசாமி முத்தியால்பேட்டையிலிருந்து வந்திருந்தார். தட்டைப் பார்த்ததும், "ஆத்தையே காக்கிறவரு ஊட்ல கருவாடா சம்பந்தி? நல்லாருக்கு போங்க!" என்று சிரித்தார். சும்மா கேலிதான். சிரித்துத் தள்ளியிருந்தால் என்ன குறைந்துபோகும்? இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாயங்காலம் வரைக்கும் இருங்க" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலோடு மடுவுக்குக் கிளம்பினார்.

தவளையைக் கோத்துப் போட்டதும் விரால் கவ்வியது. அதன் பின்னாலேயே சிவப்புக் குஞ்சுகள் கும்பலாக மேலே வந்தன. பார்த்தார். பார்த்தும் இழுத்தார். ஜோடியையும் விடவில்லை. மறுநாள் போனால், காக்க ஆளில்லாத குஞ்சுகளைக் கெளுத்தி விழுங்கிக்கொண்டிருந்தது. மடுவில் வேறு விரால் கிடையாது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அட பாவி மனுஷா!

ஐப்பசியில் பேய்மழை. ஆறு கரை தாண்டி வயலுக்குள் புகுந்தது. கோரை தளிர்த்தது, கெண்டை துள்ளியது. விராலை மட்டும் காணோம். "வெள்ளம் அடிச்சிகினு போயிருச்சி" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இருசப்பனும் ஆமாம் போட்டார். சொன்ன வாயை அங்கேயே தைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

கூட மீன் பிடிக்கும் அரிகிருஷ்ணன் ஒருநாள் குடத்தோடு வந்தான். உள்ளே உயிரோடு ஒரு விரால். ஆற்றின் மேல்பக்கமிருந்து வெள்ளத்தில் வந்தது என்பது இருசப்பனுக்குத்தான் தெரியும்.

"இந்த வருஷத்து மொத விராலு. காவக்காரருக்குத்தான் மொதல்ல. நீ காக்கலன்னா இதுகூட ஏதுண்ணே?"

குடத்தை வாங்கியது அவர் மனைவி ஆயம்மா. அன்றைக்குச் சம்பந்திக்கு விரால் குழம்பு வைத்தவளும் அவள்தானே! அரிகிருஷ்ணன் தலை மறைந்ததும், "ஆத்துலயே உட்டுட்டு வந்துருய்யா. என்னால இத கண்கொண்டு பாக்க முடில" என்றாள்.

கொண்டுபோய் விட்டார். கரையில் மற்றவர்களோடு வலை உதறிக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன் கத்தினான்.

"பாத்தீங்களா மனுஷன! தனக்குக் குடுத்ததையும் ஆத்துக்கே குடுத்துட்டாரு! இனிமே எந்த வருஷம் காஞ்சாலும் இவருதான் காவலு!"

"ஐயோ, நான் இல்லப்பா... நான் போயி..." என்று இருசப்பன் திணறினார்.

"எவ்ளோ அடக்கம் பாரு" என்றார்கள்.