கண்ணை மூடுங்க, கதை சொல்றேன்

"கண்ண மூடுங்க மேடம். ரெப்பைய நல்லா இழுத்துப் புடிங்க... ஆங். அந்த ராணி இருக்கா இல்ல, அவ அன்னைக்கி என்ன பண்ணா தெரியுமா..."

புருவம் திருத்தும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடியே பெர்னதெத் எப்படி இவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்பது பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கே புரியாத விஷயம். இரண்டு நாற்காலி போட்ட சின்ன பியூட்டி பார்லர் அவருடையது. ஆறாம் வகுப்புப் பெண்ணும் அவருக்கு "மேடம்"தான். தெருவில் எதிர்ப்படுகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு முதலில் தலைமுடியைத்தான் பார்ப்பார்.

நாவல் எழுதுவது அவர் திட்டத்திலேயே இல்லை. தொம்மலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஸ்ரீரஞ்சனிக்குப் புருவம் திருத்துவதென்றால் உயிர் போகும் பயம். "வலி தெரியக் கூடாதேன்னு வாய்க்கு வந்தத உளறினேன்" என்கிறார் பெர்னதெத். உளறியது இது: ஒரு நாட்டில் ஒவ்வொருவர் ஞாபகமும் அவரவர் முடியில்தான் இருக்கும், வெட்டினால் போய்விடும். அதனால் அங்கே அரசனைவிட முடி வெட்டுகிறவளுக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். கதை பாதியில் இருக்கும்போதே புருவம் முடிந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஸ்ரீரஞ்சனி மறுபடி வந்து நின்றாள். "எடுக்கறதுக்குப் புருவத்துல ஒண்ணுமே இல்ல. கதைக்கு வந்திருக்கா!"

எழுதச் சொல்லி நச்சரித்தவளும் அவள்தான். பெர்னதெத்தின் தமிழ் எழுத்து, சர்ச் பாட்டுப் புத்தகத்தில் கற்றது; வாசிக்க வரும், பக்கம் பக்கமாக எழுத வராது. ஆகவே சமையலறையில் நின்று போனிடம் பேசினார், போன் எழுதிக்கொண்டது. "கத்தரி"யை அது கத்திரிக்காய் ஆக்கியதைத் திருத்தவே ஒரு மழைக்காலம் போனது. கணவர் டென்சில் எட்டிப் பார்த்துக் கேட்டார், "பேய்க் கதையா?"

"பேய் இல்ல, ஃபேன்டஸி."

"ரெண்டுமே இல்லாததுதானே?"

சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் 'கூந்தல்கோட்டை'யை அச்சிட்டது. விற்பது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டது. பெர்னதெத் கிரீம் டப்பாக்களுக்கு நடுவே புத்தகத்தை நிறுத்தி வைத்தார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார், ரத்த தான முகாமுக்கும் தொலைந்துபோன ஒரு குடைக்கும் இடையில் நாவலையும் அறிவித்தார். ஹேர் ஸ்பா செய்துகொண்டால் முதல் அத்தியாயம் வாய்மொழியாக இலவசம்.

அறிமுக விழாவில்தான் சிக்கல். மைக்கைக் கையில் கொடுத்ததும் குரல் வரவில்லை. "அத்தினி பேரும் கண்ணத் தொறந்து என்னையே பாக்கறாங்க! எனக்கு அது பழக்கமே இல்லியே." கடைசி வரிசையில் டென்சில் வியர்த்துப் போனார். யாரோ இருமினார்கள். பெர்னதெத் மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். வீட்டுக்குப் போகிறார் என்றே அங்கே உட்கார்ந்திருந்த நாங்கள் நினைத்தோம். முன்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் பின்னால் போய் நின்றார். "ஜடையத் தொடட்டுமா மேடம்?" அவிழ்த்தார், பின்னத் தொடங்கினார். விரல்கள் ஓட, கதையும் வந்தது. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. ஜடை முடிந்தபோது அந்த அம்மாள், "அப்புறம்?" என்றார். அன்று கொண்டுபோன புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டென்சில் தன் பிரதியைப் பக்கத்துச் சீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, படிக்கப் புத்தகம் இல்லாமல் தவித்தார்.

போன வாரம் கல்யாணப் பெண் அலங்காரத்துக்கு இந்திரா நகர் போனார். அவரைப் பற்றி எழுதுவதற்காக நானும் மெட்ரோவில் கூடப் போனேன். அவருக்கு மட்டும் ஒரு சீட் கிடைத்தது. எதிரே ஒரு பெண் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் 'கூந்தல்கோட்டை'யை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் பக்கம் மூடிக்கொண்டது.

"நீங்கதான்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"ஷ்ஷ்! பேசாம இருங்க. இப்பதான் ராணி தலையக் குனியற இடம்."

பெர்னதெத் எழுந்து அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டார். "உக்காந்து படிங்க மேடம்."

"தேங்க்ஸ் ஆண்ட்டி." பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் உட்கார்ந்தாள்.

பின்னட்டையில் பெர்னதெத்தின் படம் பெரிதாகவே இருந்தது. அவர் கனத்த மேக்கப் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.